முப்பத்தெட்டாம் டோக்கன்

எல்லார் கைக்கும் செல்போன் வந்துகொண்டிருந்த காலம். ஓசூரில் நான் சூப்பர்வைசராக இருந்த கம்பெனியில் அதை உள்ளே கொண்டுபோகக் கூடாது. கேட்டில் செக்யூரிட்டியிடம் கொடுத்துவிட்டு, நம்பர் போட்ட தகர டோக்கனை வாங்கிக்கொள்ள வேண்டும். ஆனாலும் உள்ளே அசெம்பிளி லைனில் நின்று வேலை செய்யும் இளசுகளின் கை அடிக்கடி கோட்டுப் பைக்குப் போய்த் திரும்பும்.

அப்படித் தொட்டுப் பார்த்த டிரெய்னிப் பெண் ஒருத்தியிடம் என்னவென்று கேட்டேன். தேனிப் பக்கத்திலிருந்து வந்து, ஓசூரை ஒட்டிய மூக்கண்டப்பள்ளியில் தங்கியிருந்தவள்.

"போன் அதிர்ந்த மாதிரி இருந்துச்சு சார்."

"அதான் கேட்ல இருக்கேம்மா?"

"தெரியும் சார். ஆனாலும் அதிருது."

பைக்குள் இருந்த டோக்கனை எடுத்துக் காட்டினாள். முப்பத்தெட்டு.

எதையும் குடைந்து பார்க்காவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. ஒருவேளை நிஜமாகவே யாராவது கூப்பிட்டிருப்பார்களோ? சாப்பாட்டு நேரத்தில் கேட்டுக்குப் போய், முப்பத்தெட்டாம் நம்பர் போன் அடித்ததா என்று கேட்டேன். செக்யூரிட்டி சிரித்துக்கொண்டே அதை எடுத்துப் பின்மூடியைத் திறந்தார். உள்ளே சிம்மும் இல்லை, பேட்டரியும் இல்லை.

"சேர்ந்த நாள்லருந்து இப்படித்தான் சார். தெனமும் குடுக்கும், சாயங்காலம் வாங்கிட்டுப் போவும்."

ஷிப்டு விட்டதும் அவளைத் தனியாகக் கேட்டேன். தலை குனிவாள் என்று நினைத்தேன். நிமிர்ந்துதான் பேசினாள்.

"எல்லாரும் வரிசைல நின்னு போன் வாங்குறாங்க சார். நான் மட்டும் நேரா வெளிய போனா ஒரு மாதிரி இருக்கும்ல?"

"அப்போ காலையில அதிர்ந்துச்சுன்னு சொன்னது?"

"அது நெசமாவே அதிர்ந்துச்சு சார்."