நாலுகால் பாய்ச்சல்

கேகாலைப் பக்கத்து றப்பர் தோட்டமொன்றின் ஆபீசில் துஷ்யந்தி கிளாக்கராக இருந்தாள். ஒரு வேலையை முடித்தோம், விட்டோம் என்று இருக்கிற சுபாவம் அவளுக்கு இல்லை.

மாவனல்லையில் அவளுக்கு றுகையா என்றொரு பள்ளிக்கூடத்துச் சிநேகிதி. அவள் நானா என்று கூப்பிடும் அண்ணன் லண்டனிலிருந்து பிளாஸ்டிக் படைவீரர்களைப் பெட்டிபெட்டியாக அனுப்புவார். விரல் நீளம்கூட வராத பழங்காலத்துப் படைகள். பௌர்ணமிக்கு வரும் போயா லீவுகளில் சாப்பாட்டு மேசையில் பச்சைத் துணி விரித்து, தாயம் உருட்டி, இருவரும் சண்டை பிடிப்பார்கள். றுகையாவுக்கு வெள்ளைக்காரக் கும்பனிப் படை, துஷ்யந்திக்கு மைசூர்க் குதிரைப்படை.

பெட்டியில் வந்ததோ பிரெஞ்சுக் குதிரைக்காரர்கள். துஷ்யந்தி அவர்களின் உயரத் தொப்பியைப் பிளேடால் சீவி, களிபோலப் பிசைந்த ஒட்டுப்பசையை உருட்டித் தலைப்பாகை கட்டினாள். பெயின்ட் உரியாமலிருக்க முதலில் தச்சுப்பசை பூசி, அதன்மேல் நிறம் தீட்டினாள். பன்னிரண்டு பேரும் மைசூர்க்காரர்களாகிவிட்டார்கள். ஆனால் குதிரைகள்? முன்கால் முன்னே, பின்கால் பின்னே நீட்டி, எல்லாம் ஒரே அச்சில் விறைத்துக் கிடந்தன. பார்க்கப் பார்க்க அவளுக்கு எரிச்சல் ஏறியது. ஓடுகிற குதிரையை அவள் ஒருநாளும் நேரில் பார்த்ததில்லை.

2004 ஏப்ரல் சீசனில், குதிரை ஓட்டம் நடக்கும் நுவரெலியாவுக்குக் கிளம்பிவிட்டாள்.

"குதிர பாக்கவா பஸ் ஏறுற? ஒன்ன பொண்ணு பாக்க வர்றவங்ககிட்ட இதச் சொல்லித் தொலைக்காத" என்றாள் அம்மா ஜெயம்மா.

ஓட்டத் திடலில் ஊரே எந்தக் குதிரை முந்துகிறதென்று கத்த, துஷ்யந்தி வேலியைப் பிடித்துக்கொண்டு கால்களை மட்டும் பார்த்தாள். முதல் ஓட்டத்தில் ஒன்றும் பிடிபடவில்லை. அடுத்ததில் ஒரு செம்பழுப்புக் குதிரை கண்ணுக்கு அகப்பட்டது. நான்கு காலும் தரையை விட்ட அந்த நொடியில் அவை நீண்டிருக்கவில்லை, வயிற்றுக்கடியில் மடங்கியிருந்தன. அதற்குமேல் அங்கே நிற்க அவளுக்குப் பொறுமையில்லை.

வீட்டுக்கு வந்து, பெயின்ட் அடித்து முடித்த பன்னிரண்டு குதிரைகளின் கால்களையும் வெட்டினாள். சூடாக்கிய குண்டூசியைத் தொடையில் இறக்கி, ஒவ்வொரு காலாக மடக்கிப் பொருத்தினாள். ஆபீசிலும் கை சும்மா இருக்கவில்லை. தொழிலாளர் பேர் பதியும் செக்ரோல் ஓரத்தில் குளம்பு வரைந்து பெரிய கிளாக்கரிடம் ஏச்சு வாங்கினாள்.

மே மாத வெசாக் போயாவுக்கு ஐந்துதான் தேறின.

"காலில்லாத குதிரய வெச்சி சண்ட பிடிக்க ஏலாது. அஞ்சுதான் கணக்கு" என்றாள் றுகையா.

"அஞ்சே போதும்டி."

ஐந்தும் பாய்ந்து கும்பனியின் பீரங்கியைப் பிடித்தன. அடுத்த தாயத்தில் துப்பாக்கிக்காரர்கள் சுட, ஐந்தும் விழுந்தன. றுகையா ஒன்றை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள்.

"இது மெய்யாவே ஓடுது புள்ள."

"கழுத்து சரியில்ல. இன்னும் முன்னால நீட்டணும். குடு, வெட்டிட்டுத் தாறேன்."

"அல்லாவே! இது எனக்கு. நீ தொடப்படாது" என்று றுகையா அதைக் கண்ணாடி அலமாரியில் வைத்துப் பூட்டினாள்.

மற்றவற்றின் கழுத்துகள் அடுத்த மாதப் பொசொன் போயாவுக்கு முன்பே வெட்டுப்பட்டன. பன்னிரண்டும் சேர்ந்து மேசையில் நின்றது மறுவருஷம்தான், அதுவும் றுகையா அந்த ஒன்றை இரவல் கொடுத்ததால். அன்று துஷ்யந்தி ஜெயித்தாள். றுகையா தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு திரும்பியபோது, துஷ்யந்தி ஒரு குதிரைக்காரனைக் கண்ணருகே பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"ஏன் றுகையா, வாள இப்பிடியா பிடிப்பாங்க?"