ரேடியேட்டருக்குள் போன மஞ்சள்

மஞ்சள் கொதிக்கும் வாசம் மற்றவர்களுக்குக் குழம்பை நினைவூட்டும். எனக்கோ, பலகடுவ ஏற்றத்தில் பொனட் திறந்து நின்ற எங்கள் காரும் அதிலிருந்து குபுகுபுவென்று கிளம்பிய ஆவியும்தான் நினைவுக்கு வரும், கூடவே கோபமும் வரும்.

யட்டவத்தச் சந்தைக்கு எதிரே அப்பா பலசரக்குக் கடை வைத்திருந்தார். ஞாயிறு மாலைகளில் ஊரில் கார் வைத்திருந்தவர்கள் எல்லாம் கடை வாசலில் கூடிவிடுவார்கள். எல்லாரிடமும் ஒரே மாதிரிப் பழைய ஜப்பான் கார்கள். எந்தக் காரின் சாமான் எதற்குப் பொருந்தும், "ரீகண்டிஷன்" சாமானை எப்படித் தட்டிப் பார்த்து வாங்குவது, மழை நாளில் அடம்பிடிக்கும் எஞ்சினை எப்படித் தாஜா செய்வது என்று இருட்டும்வரை பேசுவார்கள். பெற்ற பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் ஒரு குளிசையைக் கொடுத்துவிட்டு வருகிற மனிதர்கள், கார் இருமினால் மாநாடு கூட்டினார்கள்.

எங்கள் காரின் ரேடியேட்டர் ஒழுக ஆரம்பித்தபோது, காரோடு லொறியும் வைத்திருந்த முத்தையா மாமாதான் வைத்தியம் சொன்னார். "புதுசு எதுக்கு அண்ணே? ரெண்டு கரண்டி மஞ்சத்தூளப் போட்டு விடுங்க, ஓட்டை தன்னால அடைச்சுக்கும்." எல்லாத் தலைகளும் ஆடின. கடைக்குள் அரிசி நிறுத்துக்கொண்டிருந்த அம்மா மட்டும், "ஓட்டைய அடைக்க கராஜ் இருக்கு, மஞ்சள் குசினியில இருந்தா போதும்" என்றார். "உனக்குக் காரப் பத்தி என்ன தெரியும்?" என்று கேட்டுவிட்டு, அப்பா கடைத் தட்டிலிருந்தே ஒரு மஞ்சத்தூள் பக்கெட்டை எடுத்துப் பிரித்தார். ஒழுகல் நின்றது. அடுத்த ஞாயிறு அவர் முகத்தில் இருந்த பெருமையைப் பார்க்க வேண்டுமே.

அந்த வாரம்தான் அக்காவுக்குக் கண்டியில் தாதியர் பயிற்சிக்கான நேர்முகப் பரீட்சை. சின்ன வயதிலிருந்தே அவளுக்கு அந்த ஒரே ஆசை. என் பொம்மைகளுக்கெல்லாம் கட்டுப் போட்டவள் அவள். முதல் பஸ்ஸிலேயே போய்விடுகிறேன் என்று கெஞ்சினாள். "வீட்டுல கார நிப்பாட்டி வச்சுக்கிட்டு, எம் மக பஸ்ஸுல தொங்கிட்டுப் போறதா?" என்றார் அப்பா. அக்கா வெள்ளைச் சேலை கட்டி, சான்றிதழ்களை மடியில் வைத்துக்கொண்டு முன்னால் உட்கார்ந்தாள். கண்டி பார்க்கும் ஆசையில் நான் பின்னால் ஏறிக்கொண்டேன்.

மாத்தளையைத் தாண்டி பலகடுவ ஏற்றத்தில் பாதி ஏறியதும் கார் கொதித்து நின்றது. ஓட்டையை அடைத்த மஞ்சள், தண்ணீர் ஓடும் குழாய்களையும் சேர்த்து அடைத்திருந்தது. கண்டி பஸ்கள் ஒவ்வொன்றாக எங்களைக் கடந்து போயின. நான் ஏறிப் போகிறேனே அப்பா என்று அக்கா கேட்கக் கேட்க, "செத்த பொறு, ஆறட்டும்" என்று சொல்லிக்கொண்டு அவர் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டாளிகளுக்குப் போன் போட்டார். மூடியைத் திற என்றார் ஒருவர், திறக்காதே என்றார் மற்றவர், "தெர்மோஸ்டாட்டக் கழட்டி வீசு, நம்ம நாட்டுக்கு அது எதுக்கு?" என்றார் முத்தையா மாமா. அப்பா மூடியைத் திறந்தார். சீறி அடித்த மஞ்சள் தண்ணீர், இறங்கிப் பக்கத்தில் நின்ற அக்காவின் வெள்ளைச் சேலையில் முழங்காலிலிருந்து கரைவரை தெறித்தது. நல்ல வேளை, கால் வேகவில்லை. அதன்பிறகு அவள் அப்பாவிடம் எதுவும் கேட்கவில்லை. நடுரோட்டில் கையை நீட்டி பஸ்ஸை மறித்து ஏறிப் போய்விட்டாள். அங்கே போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்து கதவு பூட்டியிருந்ததாம்.

அடுத்த ஞாயிறு மாநாடு வழக்கம்போலக் கூடியது. பக்கெட் மஞ்சள் போட்டதுதான் பிழை, தோட்டத்து மஞ்சளை இடித்துப் போட்டிருக்க வேண்டும் என்று ஒரு கட்சி. இல்லை, அளவு கூடிப்போனது என்று இன்னொரு கட்சி. அப்பாவும் அதில் சேர்ந்து வாதாடினார். உள்ளே அக்கா அழுது வீங்கிய முகத்தோடு படுத்திருந்தாள். மகள் என்ன ஆனாள் என்று ஒரு வாய் கேட்கவில்லை. அன்றைக்கு எனக்கு வந்த ஆத்திரம் இன்றுவரை ஆறவில்லை. அது ஆறவும் வேண்டாம்.

இப்போது அந்தக் கடை இல்லை, காரை இரும்புக்குப் போட்டாயிற்று, அப்பாவும் முத்தையா மாமாவும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். திரும்பவும் ஒரு அழைப்பு அக்காவுக்கு வரவே இல்லை. மாத்தளையில் ஒரு பாமசியில், யாரோ எழுதிய துண்டுச் சீட்டைப் பார்த்து மருந்து எடுத்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறாள். அழிந்து போகாதது அந்த மாநாடு ஒன்றுதான். அது என் கணவரின் போனுக்குள் குடிவந்திருக்கிறது. ஒரே ரகக் கார் வைத்திருக்கும் முந்நூறு பேரின் வட்ஸ்அப் குழு.

போன கிழமை அதில் ஒருவர் ரேடியேட்டர் ஒழுகுகிறது என்று எழுதியிருந்தார். "மஞ்சத்தூள் போடுங்க ப்ரோ" என்று அடுத்தடுத்துப் பதில்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போனைப் பிடுங்கி, பலகடுவ ஏற்றம், வெள்ளைச் சேலை, பூட்டிய கதவு என்று எங்கள் கதை முழுவதையும் ஒன்றுவிடாமல் எழுதி அனுப்பினேன்.

சற்று நேரத்தில் ஒரு பதில் வந்தது.

"சிஸ்டர், எத்தனை கரண்டி போட்டீங்க?"