ரெண்டாம் பாகத்துக்கு நெய்ஞ்ச ஒரு சாண்

சொன்னா சிரிப்பீங்க. பரவால்ல, சிரிச்சிகினே கேளுங்க. பேயி பிசாசுன்னு யாரு வந்து சொன்னாலும், மொதல்ல போயி உங்க வீட்டு ஃபேன் போல்ட்டை முடுக்குங்கன்னு சொல்ற ஆளு நான்.

எங்க ஆரணியில ஒரு பேய்ப்படம் எடுத்தாங்க, என் தம்பி சேகர் வீட்டுத் தறியிலதான். அதுல பேயி உக்காந்து பட்டுப் புடவை நெய்யும். நடிச்ச பொண்ணுக்கு நூலைக் குறுக்கால ஓட்டுற நாடாவைப் புடிக்கக்கூடத் தெரியல, அதனால கிட்டத்துல காட்டுற கையெல்லாம் சேகர் பொண்டாட்டி கோகிலா கை. படம் நல்லா ஓடுச்சு. பேய்க்கைக்காரி வரா பாருன்னு நாங்க அவளை ஓட்டிகினே இருப்போம், அவளும் நகத்தைக் காட்டிச் சிரிப்பா.

அப்புறம் காய்ச்சல்னு ஆஸ்பத்திரிக்குப் போனவ திரும்பி வரல. மக கல்யாணத்துக்குன்னு அவ ஆரம்பிச்ச பச்சைப் புடவை பாதியோட தறியிலயே நின்னுபோச்சு. சேகர் அது மேல ஒரு வேட்டியைப் போத்தி வச்சான். யாரையும் தொட விடல.

எங்க தொழில்ல ஒண்ணு இருக்குதுங்க. ஒருத்தர் பாதி நெய்ஞ்ச புடவையில இன்னொருத்தர் உக்காரமாட்டோம். சாமி குத்தம் ஒண்ணும் இல்ல. ஓட்டுன நூலை நெருக்கிப் பலகை அடிக்கிற அடி ஆளுக்கு ஆளு வேற, ஆள் மாறின எடத்துல குறுக்கால ஒரு கோடு விழுந்துடும். அதை மறைக்க எவனாலயும் முடியாது. கோகிலா அடி இறுக்கம். என்னுது கொஞ்சம் தளர்ச்சி.

இந்த நேரத்துல ரெண்டாம் பாகம் எடுக்க வந்தாங்க. வந்த நாள்லேர்ந்தே பேஜாரு. மழையில செட்டு நனைஞ்சிபோச்சு, கதாநாயகி பாதியில கெளம்பிட்டா, டைரக்டர் படுத்த படுக்கையாயிட்டாரு. அந்தத் தறியில பேய் இருக்குதுன்னு ஊரே பேசுது. மழைக்காலத்துல மழை பெய்யாம இன்னா பெய்யும்னு நான் கேட்டேன்.

கடைசியா ஒரு புது டைரக்டர் வந்தாரு, சின்ன வயசு. அவருக்கு அதே தறி வேணும், அதுல நெய்யற பொம்பளைக் கை வேணும். தறியைக் காலி பண்ணணும்னா கோகிலா புடவையை அறுக்கணும். அறுக்கலன்னா அவ நெய்ஞ்சது மேலயே நெய்யணும். "நானும் இன்னொருத்தர் பாதி எடுத்ததைத்தாம்மா முடிக்கிறேன், ஒட்டு தெரிஞ்சா என்னைத்தான் திட்டுவாங்க"ன்னாரு. பாவமா இருந்துச்சு.

சேகர் போயி தறி மேல இருந்த வேட்டியை எடுத்தான். மொதல் பாகத்துல அவ கை வர்ற எடத்தை ஃபோன்ல தெனமும் போட்டுப் பாக்கறவன் அவன்.

"நீ உக்காருக்கா. இதுலயும் அவ கை நெய்ஞ்சது வரட்டும்"னான்.

"டேய், கோடு விழும்டா. ஆயுசுக்கும் அந்தப் புடவையில அது தெரியும்."

"தெரியட்டும். உன்னை உட்டா அதுல யாரு உக்காருவா?"

அவ வச்சிட்டுப் போனது அது ஒண்ணுதான், அதையும் நான் கெடுத்துடப் போறேன்னு பயம். நல்ல பட்டப்பகல்ல உக்காந்தேன். ஒரு மாங்கா புட்டா பக்கத்துல ஆரம்பிச்சேன், அது நல்லா ஞாபகம். ஒரு சாண் நெய்ஞ்சிருப்பேன். சத்தியமா வேற ஒண்ணும் நடக்கல, பலகை மட்டும் என் கைக்குத் தானா வந்துகினு இருந்துச்சு, நான் தள்ற மாதிரியே தெரியல. நல்ல தறி, அதான்னு நெனச்சிகினேன்.

ஷூட்டிங் முடிஞ்சி எல்லாரும் போனப்புறம் சேகர் துணியை வெளிச்சத்துல இழுத்துப் புடிச்சிப் பாத்தான். நானும் பாத்தேன். அந்த மாங்காகிட்ட கோடு இல்ல. மேலயும் இல்ல, கீழயும் இல்ல. விரலை வச்சித் தடவுனா முழுக்க இறுக்கம்.

"எங்கக்கா ஆரம்பிச்ச?"ன்னு கேட்டான். எனக்குக் காட்டத் தெரியல. அவன் அந்தத் துணியில மூஞ்சியை வச்சிகினு அழுதான், நானும் அழுதேன்.

படம் வந்துச்சு, ஓடல. டைரக்டர் மாறுன எடத்தைச் சின்னப் புள்ளகூடச் சொல்லிடும்.

இத்தோட முடிஞ்சிருந்தா என் கை வாகுன்னு உட்டிருப்பேன். அங்க நெய்ஞ்ச மறுநாளே என் வீட்டுத் தறியில, நான் பாதி நெய்ஞ்சி வச்சிருந்த அரக்குப் புடவையில உக்காந்தேன். அதை முடிச்சிக் குடுத்தப்ப முதலாளி விரிச்சிப் பாத்துட்டு, "இன்னாம்மா, நடுவுல ஆள் மாத்திட்டியா?"ன்னாரு. குனிஞ்சி பாத்தேன். குறுக்கால ஒரு கோடு. கீழ, முன்ன நெய்ஞ்சது தளர்ச்சி; மேல, அப்புறம் நெய்ஞ்சது இறுக்கம். நான் ஒருத்திதாங்க நெய்ஞ்சேன், என் வீட்டுல வேற ஆளே கெடையாது.

இன்னி வரைக்கும் என் அடி இறுக்கமாத்தான் விழுது. உங்களைத் தவிர நான் இதை யாருகிட்டயும் சொல்லல. சேகர்கிட்டயும் சொல்லல. ஆனா அவன் சில நாளு மதியத்துல வந்து என் வாசப்படியில உக்காந்து, உள்ள வராம, கண்ணை மூடிகினு தறி சத்தத்தைக் கேட்டுகினு இருப்பான். நானும் கூப்புடறதில்ல, நெய்ஞ்சிகினே இருப்பேன்.