பல் தேடிய நேரம்

குனிந்து ஒரு ஷூ லேஸை இறுக்கிக்கொண்டிருக்கிறார் விசில் மாமா. ஷூ அவருடையதல்ல, எதிரணியை மறிக்கவேண்டிய பொடியனுடையது. "ரெண்டு முடிச்சு போட்டிருக்கேன். இனிமே அவுந்தா அது ஷூவோட தப்பு" என்கிறார். பொடியன் தலையாட்டிவிட்டு ஓடுகிறான், பந்து இருக்கும் திசைக்கு நேர் எதிராக.

வார நாட்களில் அவர் லிஃப்ட் மெக்கானிக். சனிக்கிழமை காலைகளில் ஒன்பது வயதுக்கு உட்பட்டவர்களின் கால்பந்துக்கு நடுவர். இரண்டும் ஒரே வேலைதான் என்பார். "யாருக்கும் அடிபடாம ஏத்தி இறக்கணும், அவ்வளவுதான்."

இந்த வயது ஆட்டத்தில் ஆஃப்சைடு கிடையாது. பந்தைத் தலையால் முட்டக் கூடாது, முட்டினால் விசிலோடு சிறு உபதேசமும் கிடைக்கும்: "தலை கணக்குப் போடறதுக்கு, கண்ணு. கால் எதுக்கு இருக்கு?" த்ரோ தப்பினால் இன்னொரு வாய்ப்பு உண்டு. எத்தனை கோல் என்று அவர் அறிவிப்பதில்லை. கேட்டால், "நான் எண்ணலையே, நீ எண்ணினியா?" என்பார். அடங்காதவர்கள் கோட்டுக்கு வெளியே நிற்கும் பெற்றோர்தான். "ரெஃப்ரி சார், கண்ண வீட்லயே வச்சிட்டு வந்துட்டீங்களா?" என்று ஒரு அப்பா கத்துகிறார். "கண்ணு இருக்கு சார். வாயத்தான் வச்சிட்டு வரச் சொல்லியிருக்காங்க."

மைதானத்துப் பிள்ளைகள் எல்லாருக்கும் அவர் மாமாதான். ஆனால் உரிமையோடு அப்படிக் கூப்பிட ஒருத்தி மட்டுமே உண்டு: அக்கா மகள். அக்காவும் அவர் கணவரும் வேலைக்காக வெளிநாடு போனபோது அவளுக்கு இரண்டு வயது. ஐந்து வருடம் இவர்தான் வளர்த்தார். ஸ்பேனர் பிடித்த விரல்கள் தலை பின்னக் கற்றன. போன வருடம் பெற்றோர் திரும்பி வந்து அவளை அழைத்துக்கொண்டார்கள். அதன்பின் சனிக்கிழமைகளில் இங்கே பார்ப்பதோடு சரி.

அதற்கும் விதி குறுக்கே வந்தது. உறவுக்காரப் பிள்ளை ஆடும் ஆட்டத்தில் நடுவராக இருக்கக் கூடாது. படிவத்தில் அவரே எழுதிக் கொடுத்தார். சங்கச் செயலாளர் தலையில் அடித்துக்கொண்டார்.

"அக்கா பொண்ணுதானேய்யா? எழுதாம விட்டிருந்தா யாருக்குத் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியுமே சார்."

ஆகவே அவள் மூன்றாம் ஆடுகளத்தில் ஆடுவாள், இவர் இரண்டாவதில் விசில் ஊதுவார். நடுவில் ஒரு கயிறு. நடுவர் பந்தை விட்டுக் கண்ணை எடுக்க முடியாது. அவள் கோல் போட்டதைச் சிரிப்பை வைத்தே தெரிந்துகொள்வார்.

இன்றோடு அதுவும் இல்லை. அவர்கள் வேறு ஊருக்குக் குடிபெயர்கிறார்கள். காலையில் அக்கா போனில் சொல்லியிருந்தார்: "மேட்ச் முடிஞ்ச கையோட கிளம்பிடுவோம்டா. சாமானெல்லாம் ஏத்தியாச்சு. உன் மேட்சும் அப்பத்தானே முடியும்? கயித்துக்கிட்ட வந்து பார்த்துட்டுப் போயிடு." இரண்டு ஆட்டங்களும் பத்து மணிக்கே தொடங்கின.

இரண்டாம் பாதியில் கோல்கீப்பர் அலறினான். "மாமா, என் பல்லு!" ஆடிக்கொண்டிருந்த பால்பல் விழுந்துவிட்டது. மறுகணம் இரண்டு அணிகளும் முட்டிபோட்டுப் புல்லைத் துழாவின. விதிப் புத்தகத்தில் பல்லைப் பற்றி ஒன்றுமில்லை. ஆட்டம் நின்ற நேரத்தைக் கடைசியில் சேர்க்கவேண்டும் என்பது மட்டும் உண்டு. மாமா கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைக் குறித்துக்கொண்டார். நான்கு நிமிடம் கழித்துப் பல் அவன் கையுறைக்குள்ளேயே கிடைத்தது.

பந்து மறுபடி உருண்டு, குறித்த நேரமும் கடந்தது. "போதும் சார், ஊதிடுங்க, வெயில் ஏறுது!" என்கிறது கோட்டோரம். விசில் உதட்டுக்குப் போகிறது. அப்போதுதான் மாற்று ஆட்டக்காரி உள்ளே வந்து நிற்கிறாள். காலையிலிருந்து முறை வராமல் உட்கார்ந்திருந்தவள்.

"மாமா, முடிஞ்சுபோச்சா?"

விசில் இறங்குகிறது.

"இல்ல கண்ணு. இன்னும் நாலு நிமிஷம் இருக்கு. ஓடு."

மூன்றாம் ஆடுகளத்தில் நீளமாக விசில் ஒலித்து ஓய்கிறது. கொஞ்ச நேரத்தில் கயிற்றோரமிருந்து ஒரு குரல்: "மாமா!" இத்தனை மாமாக்களுக்கு நடுவில் அது எந்த மாமா என்று அவருக்குத் தெரியும். தெருவில் ஒரு வண்டி ஹாரன் அடிக்கிறது.

பந்து மாற்று ஆட்டக்காரியின் காலுக்கு வருகிறது. அதன் மேலிருந்து கண்ணெடுக்காமல் அவரும் கூடவே ஓடுகிறார். இடது கை மட்டும் முதுகுக்குப் பின்னால் போய், கயிற்றின் பக்கமாக நான்கு விரல்களை விரிக்கிறது. மறுபடி ஹாரன். ஒரு விரல் மடங்குகிறது.