ஆறு சிலிண்டரும் ஒரு சத்தமும்

பழைய ஆறு சிலிண்டர் கார் வைத்திருப்பது பொழுதுபோக்கு அல்ல, உத்தியோகம். லீவு கிடையாது, பென்ஷன் கிடையாது, ராஜினாமாவை வாங்கிக்கொள்ளவும் ஆள் கிடையாது. உங்களிலும் யாராவது இப்படி ஒரு ஜெர்மன் வண்டியை செகண்ட் ஹேண்டில் வாங்கி, தினமும் ஆபீசுக்கு ஓட்டிக்கொண்டு போகிற பாவியாக இருந்தால் மேலே படியுங்கள். மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போகலாம்.

நான் வாங்கியது பேராசையால் இல்லை என்று இன்னமும் சாதிக்கிறேன். வீடு மல்லேஸ்வரத்தில். எனக்கும் என் மனைவி வசந்திக்கும் வேலை ஊரின் மறுகோடியில் பொம்மசந்திராவில், பக்கத்துப் பக்கத்துக் கம்பெனிகளில். வீட்டில் பிள்ளைகள், என் அப்பா அம்மா, எந்நேரமும் டிவி. நாங்கள் இருவரும் நிம்மதியாகப் பேசிக்கொள்ளக் கிடைப்பது போக வர காருக்குள் உட்கார்ந்திருக்கும் நேரம்தான். அந்த நேரம் ஒரு நல்ல வண்டியில் கழியட்டுமே என்று நினைத்தேன். அவ்வளவுதான் என் குற்றம்.

தெருமுனை ஹம்ப்

வண்டி தரையோடு தரையாகப் போகிற ரகம். எங்கள் தெருமுனையில் வேகத்தடையாகப் போட்டிருக்கும் ஹம்ப்போ படுத்திருக்கும் எருமை உயரம். இரண்டு பேர் உட்கார்ந்து போனால் அடிப்பாகம் உரசும். ஒருவர் இறங்கிவிட்டால் உரசாது. ஓட்டுகிறவன் இறங்க முடியாதே. ஆகவே தினமும் காலையில் வசந்தி கைப்பையோடு இறங்குவாள். நான் குறுக்குவாட்டில் மெல்ல ஏற்றி இறக்குவேன். அவள் நடந்து வந்து மறுபடி ஏறிக்கொள்வாள்.

ஒரு நாள் தூறல். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இறங்கினாள். நான் ஹம்ப்பைத் தாண்டி நிறுத்துவதற்குள், பின்னால் வந்த ஆட்டோக்காரர் அவள் அருகில் ஓரங்கட்டி, நிஜமான அக்கறையோடு கேட்டார்: "என்னக்கா, வீட்டுல சண்டையா? அந்தாளு போனா போறான், நீங்க ஏறுங்க, நான் விடுறேன்."

எலுமிச்சம்பழம்

எங்கள் கம்பெனியில் ஆயுத பூஜை அமர்க்களமாக நடக்கும். எல்லா வண்டிகளுக்கும் வாழைக்கன்று, சாமந்தி மாலை, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம். கற்பூரம் காட்டியதும் வரிசையாகக் கிளப்பிப் பழத்தை நசுக்க வேண்டும். ஸ்கூட்டர்கள் நசுக்கின, டெம்போ நசுக்கியது, கேன்டீன்காரரின் லொடலொட வேன்கூட நசுக்கியது.

என் முறை வந்தபோது வண்டியின் திரையில் சிவப்பு, மஞ்சள் விளக்குகள் எல்லாம் எரிந்தன. இஞ்சின் மட்டும் எரியவில்லை. பூஜையில் தடங்கல் கூடாதென்று எட்டுப் பத்து பேர் சேர்ந்து தள்ளி ஏற்றினார்கள். வேர்வையைத் துடைத்துக்கொண்டு வாட்ச்மேன் நஞ்சுண்டப்பா சொன்னார்: "சார், அடுத்த வருஷம் சைக்கிள்ல வந்துடுங்க. பூஜை பேகனே, சீக்கிரமே முடிஞ்சிடும்."

ஏப்ரலில் ஹீட்டர்

இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நெரிசலில் இஞ்சின் சூடேறினால், ஏசியை அணைத்து ஹீட்டரை முழுசாகத் திறந்துவிட வேண்டும். இஞ்சினில் இருக்கிற சூடு அந்த வழியாக உள்ளே வந்துவிடும். இஞ்சின் பிழைத்துக்கொள்ளும்.

ஏப்ரல் மாதம், ஓசூர் ரோட்டில் வசந்தியின் அண்ணன் மகள் கல்யாணத்துக்குப் போய்க்கொண்டிருந்தோம். லாரிகளுக்கு நடுவில் நின்றதும் இஞ்சின் சூட்டைக் காட்டும் முள் மேலே ஏறியது. நான் ஹீட்டரைத் திறந்தேன். பட்டுப்புடவையில் இருந்தவளின் தலைப்பூ மண்டபம் போய்ச் சேர்வதற்குள் வாடிச் சுருண்டுவிட்டது. கண் மை கன்னத்துக்கு வந்துவிட்டது. கைக்குட்டையால் ஒற்றிக்கொண்டே அவள் கேட்டது ஒரே கேள்விதான்: "ஏங்க, வண்டிக்கு ஜுரம்னா மாத்திரைய நான் முழுங்கணுமா?"

பொறாமை

சிவாஜிநகரில் ரஃபீக் பாய் என்று எனக்கு ஒரு மெக்கானிக். தண்ணீர் பம்பை மாற்றினால் ஆயில் ஒழுகும். ஆயிலை அடைத்தால் ஜன்னல் இறங்காது. ஒரு சனிக்கிழமை பானட்டுக்குள் வெகுநேரம் பார்த்துவிட்டு அவர் சலிப்போடு சொன்னார்: "சார், இந்த வண்டில ஒண்ண கவனிச்சா பக்கத்துல இருக்கறதுக்குப் பொறாமை வந்துடுது."

டிக் டிக்

அப்புறம்தான் அந்தச் சத்தம் வந்தது. இடப்பக்கம் எங்கிருந்தோ ஒரு 'டிக்'. மேடு பள்ளத்தில் இரண்டு 'டிக்'. உங்களுக்குத் தெரியும், இந்த வண்டிக்காரனுக்குக் காது ஒன்றுதான் மிச்சம். அன்று வசந்தி ஏதோ சந்தோஷமாக, "நேத்து எங்க மேனேஜர் கூப்ட்டு..." என்று ஆரம்பித்தாள். நான் கையை உயர்த்தி, "கொஞ்சம் பேசாம இரு, சத்தம் கேக்குது" என்றேன். மறுநாளும் அப்படித்தான். அதற்கு மறுநாள் அவளாகவே பேசவில்லை. எனக்கு வசதியாக இருந்தது.

ரஃபீக் பாய் வண்டியைத் தனியாக ஓட்டிப் பார்த்தார். சத்தமே இல்லை. மறுபடி ஓட்டினார். இல்லை. சாவியை என் கையில் கொடுத்து, தயங்கித் தயங்கிச் சொன்னார்: "வண்டில ஒண்ணும் இல்ல சார். எதுக்கும் ஒரு தடவை காது டாக்டரப் பாத்துடுங்க."

மைசூர்பாகு

மஞ்சள் லைன் மெட்ரோ பொம்மசந்திரா வரைக்கும் வந்தது. "நாளைலேர்ந்து நான் ட்ரெயின்ல போறேங்க" என்றாள் வசந்தி. ஹம்ப் தொல்லை விட்டது என்று நினைத்தேன். அதைவிட ஆச்சரியம், அன்றோடு அந்த 'டிக்'கும் நின்றுவிட்டது. தனியாக, நிசப்தமாக, ராஜா மாதிரி ஆபீஸ் போனேன்.

ஒரு வாரம் கூட ஆகியிருக்காது. அதே ட்ரெயினில் வருகிற எங்கள் கம்பெனி ஸ்டோர்ஸ் ரமணி என் மேஜைக்கு வந்து கை கொடுத்தார். எதற்கென்று விழித்தேன். அவர் சொன்னார்: "ட்ரெயின்ல எல்லாருக்கும் குடுத்தாங்களே, மேடத்தோட ப்ரமோஷன் மைசூர்பாகு சூப்பர் சார்! உங்க ட்ரீட் எப்போ?"

ஒரு போல்ட்

அன்று மாலை எனக்கு ஏதோ உறைத்து, நேராக சிவாஜிநகர் போனேன். ரஃபீக் பாயைப் பக்கத்து சீட்டில் உட்காரவைத்து நான் ஓட்டினேன். முதல் பள்ளத்திலேயே 'டிக்'. அந்த சீட்டுக்கு அடியில் ஒரு போல்ட் தளர்ந்திருந்தது. ஆள் உட்கார்ந்தால்தான் சத்தம் வரும். வசந்தி உட்கார்ந்த வரைக்கும் வந்தது. அவள் போனதும் போய்விட்டது. டீ ஆறுவதற்குள் முடுக்கிவிட்டார். எனக்கு அழுகை வந்தது.

வீட்டில் அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். ப்ரமோஷனுக்கு வாழ்த்துச் சொன்னேன். சத்தம் போய்விட்டது, நாளையிலிருந்து காரில் வா என்றேன். கோபமே இல்லாமல், தலையணை உறையை நீவியபடி சொன்னாள்: "மெட்ரோலயும் சத்தம்தாங்க. ஆனா அதுக்காக அங்க யாரும் என்னைப் பேசாம இருன்னு சொல்றதில்ல."

இப்போதெல்லாம் அந்த சீட்டில் என் லேப்டாப் பையை வைத்தால், யாரோ உட்கார்ந்திருப்பதாக நினைத்து பெல்ட் போடச் சொல்லி வண்டி மணி அடிக்கிறது. அதற்காவது அப்படித் தோன்றுகிறதே என்று பையை எடுக்காமலே பொம்மசந்திரா வரை ஓட்டிக்கொண்டு போகிறேன்.