ஒழுங்காகச் சாப்பிடுகிறார்

ஸ்ரீதரன் அண்ணையிடம் அந்தக் கேள்வியைத் தமிழில் கேட்டது நான்தான். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. யார்மேல் கோபம் என்று கேட்டால் முதலில் என்மேல், பிறகுதான் இந்த ரொறன்ரோமேல்.

ஸ்காபரோவில் ஒரு சிறிய கிளினிக்கில் கிழமைக்கு மூன்று நாள் மொழிபெயர்க்கிறேன். வருபவர்களில் பாதிப்பேர் நீரிழிவுக்காரர். நேர்ஸ் மெலனி ஆங்கிலத்தில் கேட்பாள், நான் தமிழில் கேட்பேன், அவர்கள் சொல்வதை அவளுக்கு ஆங்கிலத்தில் சொல்வேன். இது ஒரு பெரிய சேவை என்று சுவரில் நோட்டீஸ்கூட ஒட்டியிருக்கிறார்கள்.

அண்ணைக்கு அறுபத்து மூன்று வயது. நெடிய, மெலிந்த மனிதர். மடிப்புக் குலையாத சேட்டோடுதான் கிளினிக்குக்கு வருவார். இருபத்திரண்டு வருடம் ஒரு பிளாஸ்ரிக் ஃபக்டரியில் நின்றவரை, அதை இழுத்து மூடியபோது கைகுலுக்கி வீட்டுக்கு அனுப்பினார்கள். பிறகு ஏஜென்சி மூலம் மிசிசாகாவில் ஒரு வெயர்ஹவுஸில் பெட்டி அடுக்கும் வேலை. அவர் குடியிருந்த மோர்னிங்சைடில் இருந்து போக இரண்டரை மணித்தியாலம், வர இரண்டரை. ஏஜென்சியின் வான் ஒன்று வீட்டு வாசலுக்கே வந்து ஏற்றும். அதற்குச் சம்பளத்தில் வெட்டுவார்கள் என்பதால் அவர் பஸ்ஸில்தான் போனார்.

மனைவி தவறிய பிறகு அப்பார்ட்மென்டை விட்டுவிட்டு ஒரு பேஸ்மென்டில் அறை எடுத்தார். தலைக்கு மேலே ஒரு சின்ன ஜன்னல், அதுவும் பனி கொட்டினால் மூடிவிடும். அந்தக் குழிக்கு வாடகை அவருடைய சம்பளத்தில் பாதிக்கு மேல். வாடகைக்குக் கொடுத்தவர்கள் நம்முடைய ஆட்கள்தான், வருடா வருடம் கொஞ்சம் கூட்டும்போது 'குறை நினையாதேங்கோ அண்ணை' என்றும் சொல்வார்கள். மகள் மயூரி ஒஷாவாவில் இருக்கிறாள். இரண்டு பிள்ளைகள். வீட்டுக் கடனைப் புதுப்பித்தபோது வட்டி ஏறிவிட்டதால், அவளும் புருஷனும் ஆளுக்கொரு வேலை போதாமல் சனி ஞாயிறும் ஓடுகிறார்கள். அப்பாவை வரச்சொல்லிக் கூப்பிடாத நாள் இல்லை. போனால் பேரப்பிள்ளைகளின் அறையைப் பறிக்கவேண்டும்.

"அறுபத்தைஞ்சு வரட்டும் பிள்ளை" என்பதே அவருடைய பதில். அறுபத்தைந்தில் பென்ஷன் வரும், முதியோர் கட்டடத்தில் குறைந்த வாடகைக்கு இடம் கேட்டிருந்தார். இன்னும் இரண்டு வருடம். யாருக்கும் பாரமில்லாமல் அந்த இரண்டு வருடத்தையும் கடந்துவிடவேண்டும் என்பதுதான் அவருடைய ஒரே எண்ணம்.

வாடகையைக் குறைக்க முடியாது, பஸ் காசையும் குறைக்க முடியாது, ஃபோன் இல்லாவிட்டால் ஏஜென்சி வேலைக்குக் கூப்பிடாது. ஆகவே அவர் வயிற்றைக் குறைத்தார். காலையில் நிறையச் சீனி போட்ட பிளேன்ரீ. வேலையில் சில நாள் இரண்டு துண்டு பாண், சில நாள் அதுவும் இல்லை. இரவு வந்து சோறும் பருப்பும், பகல் முழுக்கக் கிடந்த பசிக்குச் சேர்த்து ஒரே பிடியாய். கத்தரிக்காயைக் கையில் எடுத்து, விலையைப் பார்த்து, எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு வருவாராம். இதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தது.

ஜனவரியில் ஒரு நாள் அவருடைய இரத்தப் பரிசோதனையைப் பார்த்து மெலனி நெற்றியைச் சுருக்கினாள். சீனி எக்கச்சக்கம். இன்சுலின் ஊசியின் அளவைக் கூட்டவேண்டும், அதற்கு முன் அவர் வேளைக்கு வேளை சாப்பிடுகிறாரா என்று கேள் என்றாள். நான் கேட்டேன்.

"அண்ணை, ஒழுங்காச் சாப்பிடுறியளோ?"

"ஓம் ஓம். அதுக்கென்ன குறை? வடிவாச் சாப்பிடுறன்."

ஒழுங்காகச் சாப்பிடுகிறார் என்று மெலனியிடம் சொன்னேன். அவள் அளவைக் கூட்டி எழுதினாள். சீனியைத் தேத்தண்ணிக்குப் போடவேண்டாம் என்று சொல்லச் சொன்னாள். அதையும் சொன்னேன். அவர் நல்ல பிள்ளைபோலத் தலையாட்டினார்.

எங்கள் ஆட்களிடம் 'சாப்பிட்டியளோ' என்றால் யார்தான் இல்லை என்பார்கள்? இல்லை என்றால் கேட்டவர் ஓடிப்போய் உலை வைக்கவேண்டி வரும். அந்தச் சங்கடத்தை ஒருவருக்கும் கொடுக்கக்கூடாது என்று சின்ன வயதிலேயே படித்துவிடுகிறோம். பட்டினி கிடந்தாலும் ஓம், இப்பத்தான் சாப்பிட்டன். அதை நானும் ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறேன். அப்படியிருந்தும் அன்றைக்கு அந்த 'ஓம்' எனக்குக் காதில் விழவில்லை. மடையச்சி நான்.

நான்காம் நாள் காலை, கூட்டிய ஊசியைப் போட்டு, சீனியில்லாத பிளேன்ரீயைக் குடித்துவிட்டு வேலைக்கு வெளிக்கிட்டவர், இரண்டாவது பஸ்ஸுக்குக் காத்து நின்ற இடத்தில் விழுந்தார். வெறும் வயிற்றில் ஏறிய ஊசியால் இரத்தத்தில் சீனி அடிமட்டத்துக்கு இறங்கிவிட்டது. அம்புலன்ஸ் வந்து உயிரைப் பிடித்தது, ஆனால் வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது. பெட்டி அடுக்குகிற கை. ஏஜென்சி அடுத்த நாளே வேறு ஆளை எடுத்துவிட்டது. அரசாங்க உதவிக்கு எழுதிப் போட்டார், பதில் இல்லை. மகளிடம் பனியில் வழுக்கிவிட்டது என்று சொன்னார்.

மூன்று கிழமை கழித்துக் கையில் கட்டோடு கிளினிக்குக்கு வந்தார், அதே மடிப்புக் குலையாத சேட்டோடு. அவர் உள்ளே வருவதற்கு முன், மெலனி கணினியில் அவருடைய பழைய பதிவுகளைத் தேடி எனக்குத் திருப்பிக் காட்டினாள். நான் வேலைக்குச் சேர்வதற்கு முந்திய வருடம், வேறொரு வெள்ளைக்கார நேர்ஸ் அவரிடம் இதே கேள்வியை ஆங்கிலத்தில் கேட்டிருக்கிறாள். தெரிந்த நாலு சொல்லில் அவர் பதில் சொல்லியிருக்கிறார். 'நோ பிரேக்ஃபஸ்ட். நோ மணி. நைட் ஒன்லி.' அப்படியே எழுதி வைத்திருந்தார்கள்.

வெள்ளைக்காரிக்கு அவர் உண்மையைச் சொல்லியிருக்கிறார். எனக்குத்தான் மரியாதை செய்திருக்கிறார்.

இந்த முறை நான் வேறு மாதிரிக் கேட்டேன். "அண்ணை, நேற்று விடிய எழும்பினதில இருந்து படுக்கிற வரைக்கும் வாயில என்னென்ன வைச்சனீங்கள்? ஒண்டையும் விடாமச் சொல்லுங்கோ." அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. கட்டுப் போட்ட கையைத் தடவிக்கொண்டே இருந்தார்.

"சோறு வைச்சனான்" என்றார் கடைசியில். "இரவு. கறி ஒண்டும் இல்லை, ஊறுகாய் கொஞ்சம் கிடந்தது. ஒத்தைக் கையால வெட்டிக்கொத்தேலாது, தங்கச்சி. மயூரிக்கு உதைச் சொல்லிப்போடாதேங்கோ."

அத்தனையையும் மெலனிக்குச் சொன்னேன். நல்ல மனசுக்காரி, கண் கலங்கினாள். அளவைக் குறைத்தாள். உணவு வங்கியின் விலாசத்தை எழுதிக் கொடுத்தாள். சாப்பிடாமல் ஊசி போடவே கூடாது, மூன்று வேளையும் முழுச் சாப்பாடு வேண்டும் என்றாள். பிறகு கிளினிக்கில் எல்லோருக்கும் கொடுக்கிற படத்தாளை நீட்டினாள். ஒரு சோற்றுக் கோப்பை, பாதிக்கு மரக்கறி, கால்வாசிக்கு மீன், கால்வாசிக்குத் தவிட்டரிசிச் சோறு.

அவர் அந்தப் படத்தை மடியில் வைத்து நெடுநேரம் பார்த்தார்.

"தங்கச்சி, ஊசி மருந்து இஞ்ச சும்மாதானே தாறினம்?"

"ஓம் அண்ணை."

"அப்ப, உந்தச் சாப்பாட்டையும் மருந்தெண்டு எழுதித் தரேலுமோ எண்டு ஒருக்காக் கேளுங்கோவன்."

கேட்டேன். மெலனி வாய்விட்டுச் சிரித்தாள், என்ன பகிடிக்கார மனுசன் என்றாள். அவர் பகிடி விடவில்லை என்றேன். அவள் சிரிப்பை நிறுத்தி, அப்படி எழுத முடியாது என்று தலையை அசைத்தாள். அண்ணை எங்கள் இரண்டுபேரையும் மாறிமாறிப் பார்த்தார்.

"என்னவாம், தங்கச்சி?"

"எழுதேலாதாம், அண்ணை" என்றேன்.