பன்றி விரட்டிய இன்பராணி

பல்பைக் கண்டுபிடித்தவர், ரேடியோவைக் கண்டுபிடித்தவர், தையல் மிஷினைக் கண்டுபிடித்தவர் என்று எட்டாம் வகுப்பில் ஒரு பட்டியலே மனப்பாடம் செய்தேன். அத்தனை பேரும் ஆண்கள். அந்த நேரம் அவர்கள் வீட்டில் யார் சோறு பொங்கினார்கள், யார் கத்தினார்கள் என்று பாடப் புத்தகத்தில் ஒரு வரி கிடையாது. எம்.ரெட்டியபட்டிக்குத் தெற்கே, எங்கள் ஊரிலும் ஒரு கண்டுபிடிப்பு நடந்தது. பக்கத்துத் தோட்டத்துக்காரன் என்பதால் கூடவே இருந்து பார்த்தேன். விட்டுப்போகும் அந்த ஒரு வரியை நானாவது எழுதிவிடுகிறேன்.

இன்பராணி மதினி பந்தல்குடியில் பிறந்தவர். இருபத்திரண்டு வருடத்துக்கு முன்னால் தாவீதுராஜ் அண்ணனைக் கட்டிக்கொண்டு எங்கள் ஊருக்கு வந்தார். வந்த மாதமே சபைப் பாடகர் குழுவில் சேர்த்துவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை காணிக்கை எடுக்கும்போது மதினி தனியாக ஒரு பாட்டுப் பாடுவார். கொடுக்க மனமில்லாதவன்கூடச் சட்டைப் பைக்குள் கையை விடுவான். நானே விட்டிருக்கிறேன்.

வீட்டுக்குள் வேறு குரல். அண்ணன் பெரிய மறதிக்காரர். மோட்டரைப் போட்டால் அமர்த்த மாட்டார், அடுப்பில் பாலை வைத்தால் அங்கே நிற்க மாட்டார். மதினி வைவது நாலு வீடு தள்ளிக் கேட்கும். அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு சிரிப்பார். அவர்கள் குடும்பம் அப்படித்தான் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது.

போன ஐப்பசியில் நாங்கள் மக்காச்சோளம் விதைத்ததும் காட்டுப்பன்றி இறங்கியது. பழைய சேலைகளை வேலியாகச் சுற்றினோம். பன்றிகள் முந்தானையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போயின. அண்ணன் அருப்புக்கோட்டைக்குப் போய், லோடு ஆட்டோவில் வெங்காயம் விற்கிறவர்கள் கட்டியிருப்பார்களே, அந்தப் பேசும் மைக்கை வாங்கி வந்தார். ஒரு தடவை பேசிப் பதிந்தால் நாள் முழுக்க அதையே கத்தும். “ஏய், போ, போ” என்று தன் குரலைப் பதிந்து தோட்டத்தில் வைத்தார். மறுநாள் பார்த்தால் பன்றிகள் குட்டிகளையும் கூட்டிக்கொண்டு வந்து போயிருந்தன.

சலிக்காமல் மறுபடி பதிய வாசலில் உட்கார்ந்து பட்டனை அழுத்தினார். என்ன பேசுவது என்று அவர் யோசித்துக்கொண்டிருந்தபோது உள்ளேயிருந்து மதினி வந்தார்.

“மனுசன்தானா நீங்க? மோட்டரப் போட்டா அமத்தத் தெரியாது? தண்ணி தெருவுல ஓடுது, கண்ணு எங்கிட்டு இருக்கு? வாரேன் இருங்க, வெளக்கமாத்த எடுத்துட்டு!”

மரியாதையைக் குறைக்காமல் விளக்கமாற்றை எடுப்பது எங்கள் பக்கத்துப் பண்பாடு. அண்ணன் மோட்டரை அமர்த்த ஓடினார். பதிந்தது என்னவென்று கேட்டுப் பார்க்க மறந்து, மைக்கை அப்படியே கொண்டுபோய்த் தோட்டத்தில் வைத்துவிட்டார். அன்றிலிருந்து ஒரு பன்றி காலடி வைக்கவில்லை.

விஷயம் பரவியது. ஆளாளுக்கு மைக் வாங்கி, மெமரி கார்டில் அந்தக் குரலை ஏற்றிக்கொண்டு போனார்கள். மயிலுக்கும் ஆகும் என்று பகலிலும் ஓட விட்டார்கள். நானும் ஒரு கார்டு வாங்கினேன். மதினியிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை, அதற்காக இப்போது வெட்கப்படுகிறேன். கார்த்திகையில் டவுனில் நடந்த விவசாயிகள் கூட்டத்தில் அண்ணனுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். “குரல்ல ஒரு அதிர்வு இருக்கு, அத நான் கவனிச்சேன்” என்று அண்ணன் விளக்கினார். யார் குரல் என்று ஒருத்தர் கேட்டார். “வீட்ல உள்ளவுக” என்றார். பேரை யாரும் கேட்கவில்லை.

அந்த வாரம் மதினி திருச்சுழியிலிருந்து பஸ்ஸில் வந்தார். ரோட்டுக்கு இரண்டு பக்கத் தோட்டங்களிலும் விளக்கமாறு எடுத்துக்கொண்டிருந்தது அவர் குரல். பஸ்ஸே சிரித்தது. ஞாயிற்றுக்கிழமை காணிக்கைப் பாட்டுக்கு எழுந்து முதல் அடியைத் தொடங்கினார். பின்பெஞ்சில் ஆரம்பித்த சிரிப்பு முன்வரிசை வரை வந்தது. மதினி உட்கார்ந்துவிட்டார்.

அதற்கப்புறம் பாடவில்லை. வீட்டிலும் பேச்சு இல்லை. “ராணி, எதாவது சொல்லேன்” என்று அண்ணன் கெஞ்சினால், “எதுக்கு, பதியவா?” என்பதோடு சரி.

மார்கழியில் கதிர் பால் பிடித்தது, பன்றிகள் திரும்பி வந்தன. இரண்டு மாதம் கேட்டதில் அந்த வசவு அவற்றுக்குப் பழகிவிட்டது. புது வசவு இல்லாவிட்டால் மூன்று ஏக்கரும் போய்விடும். அண்ணன் மைக்கை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, வேண்டுமென்றே மோட்டரை ஓட விட்டார். தண்ணீர் தெருவில் ஓடியது. மதினி வந்து ஸ்விட்சை அமர்த்திவிட்டு உள்ளே போய்விட்டார். அண்ணன் பாலைப் பொங்க விட்டார். மதினி அடுப்பைத் துடைத்தார். அண்ணன் ஈரத் துண்டைக் கட்டிலில் போட்டார். மதினி எடுத்துக் கொடியில் காயப்போட்டார்.

கிறிஸ்துமஸ் ஆராதனையில் மதினி மறுபடி பாடினார். யாரும் சிரிக்கவில்லை. “கோவம் தணிஞ்சிருச்சுடா” என்று அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டார். மறுநாள் காலையில் என்னையும் துணைக்கு இழுத்துக்கொண்டு, மைக்கை மறைக்காமலே மதினி முன்னால் போய் நின்றார்.

“ராணி, ஒரே ஒரு தடவை வஞ்சிரு. மனசுல என்னவெல்லாம் இருக்கோ அம்புட்டையும் வையி.”

மதினி அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். சுளகைக் கீழே வைத்தார்.

“வர மாட்டேங்குதுங்க. இருபத்திரண்டு வருசமா நீங்க திருந்துவீகன்னு நெனச்சுத்தான வஞ்சேன். இப்ப அந்த நெனப்பு இல்ல.”

குரலில் துளி கோபம் இல்லை. அண்ணன் பட்டனிலிருந்து விரலை எடுக்க மறந்து நின்றார். மதினி என் பக்கம் திரும்பி, “உக்காருங்க தம்பி, காப்பி போடுறேன்” என்றார். பிறகு அண்ணனைப் பார்த்து, அதே தணிந்த குரலில், வீட்டுக்கு வந்த விருந்தாளியைக் கேட்பதுபோலக் கேட்டார்.

“உங்களுக்கும் ஒரு கிளாஸ் தரவா?”